கிரேடு வேறு, விலை வேறு: ரோமக் காசு சேர்ப்பவனின் குறிப்புகள்

என்னிடம் உள்ள ரோமக் காசுகளில் எனக்கு மிகவும் பிடித்தது, காசின் தேய்மான நிலையைச் சொல்லும் எந்தக் கிரேடு அட்டவணையிலும் தலை நிமிர முடியாத ஒன்று. மார்க் ஆண்டனி கி.மு. 32-31-ல் தன் படைகளுக்குச் சம்பளம் கொடுக்க அடித்த வெள்ளி டெனாரியஸ். ஒரு பக்கம் போர்க்கப்பல், மறுபக்கம் இரண்டு படைக்கொடிகளுக்கு நடுவே லெஜியன் என்ற ரோமப் படைப்பிரிவின் கழுகு. துடுப்புகள் மழுங்கிப்போய் நிழலாகத்தான் தெரிகின்றன. கழுகுக்குத் தலை இருந்த இடம் வழவழவென்று இருக்கிறது. எந்த லெஜியன் என்று சொல்லும் எண்ணில் பாதிதான் மிச்சம்.

இது இவ்வளவு தேய்ந்ததற்குக் காரணம் உண்டு. ஆண்டனி வெள்ளியில் செம்பைக் கொஞ்சம் தாராளமாகவே கலந்தார். (அவர் கலந்தது இரும்பு என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். காசைச் சோதித்தால் செம்புதான் வருகிறது.) நல்ல வெள்ளிக் காசு கிடைத்தால் மக்கள் பதுக்கினார்கள், உருக்கினார்கள். ஆண்டனியின் மட்டக் காசை மட்டும் கைக்கு வந்ததும் அடுத்தவர் கையில் தள்ளிவிட்டார்கள். அப்படித் தள்ளித் தள்ளியே அது இருநூறு வருடத்துக்கு மேல் புழங்கியது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டுப் புதையல்களில்கூட வழுக்கையாகத் தேய்ந்த ஆண்டனி காசுகள் கிடைத்திருக்கின்றன. ஆக இந்த வகைக்குத் தேய்மானம்தான் இயல்பு. வேறு ஒருவரின் டெனாரியஸ் இதே நிலையில் இருந்தால் சில்லறைப் பெட்டியில் கிடக்கும். இதற்கோ நல்ல கிராக்கி.

புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இது என்ன கிரேடு?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் காசைப் பற்றி மிகக் குறைவாகத்தான் தெரியவரும் என்பது என் கட்சி. ஒரு ரோமக் காசுக்கு நான்கு இடங்களில் அடி விழலாம்: அக்கசாலையில், புழங்கிய கைகளில், புதைந்து கிடந்த மண்ணில், தோண்டி எடுத்தபின் நம்மைப் போன்றவர்களிடம். ஃபைன், வெரி ஃபைன் என்ற சொற்கள் இவற்றில் இரண்டாவதை மட்டும்தான் அளக்கின்றன. விலையோ நான்கையும் பார்க்கிறது. அதற்குமேல் காசுக்குச் சம்பந்தமே இல்லாத வேறு பல விஷயங்களையும் பார்க்கிறது.

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். கீழிருந்து மேலாக: பூவர், ஃபேர், குட், வெரி குட், ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன். உச்சியில், அச்சிலிருந்து அப்படியே இறங்கி வந்தது போன்ற எஃப்டிசி. 'குட்' என்று போட்டிருந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். தலையின் வடிவத்தை வைத்துப் பேரரசர் யார் என்று ஊகிக்கலாம் என்ற அளவுதான் அது. முகமும் பெயரும் தெளிவாகத் தெரியும் நிலை ஃபைனில்தான் தொடங்குகிறது. 'குட் வெரி ஃபைன்' என்றால் வெரி ஃபைனுக்குச் சற்று மேலே. 'நியர்' அல்லது 'அபவுட்' ஒட்டிக்கொண்டால் சற்றுக் கீழே. இவ்வளவுதான் அட்டவணை. இன்றைய காசுகளுக்கு 70 மதிப்பெண் வைத்துப் பழகியவர்கள் அதை இங்கே கொண்டுவர வேண்டாம். கையால் அடித்த காசுக்கு 63, 64 என்று வித்தியாசம் பார்ப்பதில் பொருளே இல்லை.

2008-ல் பழங்காசுகளுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய என்ஜிசி நிறுவனம் வேறொரு வழி கண்டது. தேய்மானத்துக்கு ஒரு கிரேடு, அடித்த விதத்துக்கு ஐந்துக்கு இத்தனை, மேற்பரப்புக்கு ஐந்துக்கு இத்தனை. 'வெரி ஃபைன், அடி 4, மேற்பரப்பு 2' என்று படித்தால், நன்றாக அடிக்கப்பட்டு ஓரளவு புழங்கி மண்ணில் கெட்டுப்போன காசு என்று கண்முன் வந்துவிடும். காசைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடுவது எனக்குப் பிடிக்காது; ஓரம் சரியாகத் தெரியாது, கையில் எடுத்துப் பார்க்கவும் முடியாது. ஆனால் இந்த மூன்றாகப் பிரிக்கும் வழக்கத்தைத் திருடிக்கொண்டேன். என் காசுகளுக்கு நான் எழுதிவைக்கும் சீட்டு எல்லாமே அப்படித்தான்.

சரி, அக்கசாலைக்கு வருவோம். வேலை நடந்த விதத்தை மனதில் ஓட்டிப் பார்த்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். முகம் வெட்டிய அச்சு கீழே, பட்டறைக் கல்லில் பதிந்திருக்கும். அதன்மேல் ஒரு வெற்று உலோக வில்லை. வில்லைமேல் பின்பக்க அச்சைப் பிடித்துக்கொள்ள, மேலிருந்து சம்மட்டி இறங்கும். வில்லையை நடுவில் பிடித்து நிறுத்த வளையம் எதுவும் கிடையாது. வில்லை கொஞ்சம் நகர்ந்தால் படம் ஒருபக்கமாக ஒதுங்கி, பேரரசரின் பெயரில் பாதி காசுக்கு வெளியே போய்விடும். அடி சாய்ந்தால் ஒரு ஓரம் ஆழமாகவும் எதிர் ஓரம் மொட்டையாகவும் இருக்கும். சம்மட்டியை நேரடியாக வாங்குவது மேலே உள்ள பின்பக்க அச்சுதான் என்பதால் அது சீக்கிரம் தேயும், விரிசல் விடும். அதனால்தான் முகம் பளிச்சென்று இருக்கும் காசுக்குப் பின்பக்கம் கஞ்சிபோலக் கலங்கி இருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். மூன்றாம் நூற்றாண்டுப் பேரரசர்களான காலியெனஸ், இரண்டாம் கிளாடியஸ் காலத்துக் காசுகளில் இது சர்வ சாதாரணம். அப்போது வெள்ளி நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே போயிருந்தது. போர்ச் செலவுக்குக் காசு அடித்துத் தள்ள வேண்டியிருந்த காலத்தில் யார் அச்சை மாற்றிக்கொண்டிருப்பார்கள்?

கைகளில் தேய்ந்ததா, அச்சிலேயே சரியாக விழவில்லையா என்று கண்டுபிடிப்பதுதான் கிரேடு போடுவதில் உள்ள உண்மையான வித்தை. நான் பார்ப்பது இரண்டு விஷயம். முன்பக்கத்தில் மங்கலாக உள்ள இடத்துக்கு நேர் பின்னால் என்ன இருக்கிறது என்று திருப்பிப் பார்ப்பேன். அங்கேயும் மங்கலாக இருந்தால், அந்த இடத்தில் உலோகம் இரண்டு அச்சுகளையும் நிரப்பவில்லை என்று பொருள். அது அடியின் குறை. அடுத்தது, மங்கலான இடத்தின் தோல். புழங்கித் தேய்ந்த இடம் வழவழப்பாக, தட்டையாக இருக்கும். சரியாக விழாத இடத்தில் வில்லையின் பழைய சொரசொரப்பு அப்படியே இருக்கும். தேய்ந்த அச்சில் அடித்தது என்றால் இன்னொரு அடையாளம்: எழுத்துகள் கரைந்து விரிந்து, ஓரத்தை நோக்கிக் கதிர்போல மெல்லிய கோடுகள் ஓடும். அந்தக் கோடுகள் இன்னும் தெரிகின்றன என்றால், காசு அதிகம் புழங்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

தேய்மானம் எங்கே தொடங்கும் என்பது வடிவத்தைப் பொறுத்தது. உயர்ந்து நிற்கும் இடம்தான் முதலில் போகும். முகத்தில் காதுக்கு மேலுள்ள முடி, புருவம், கன்னம், வாகைமாலையின் இலைகள். அன்டோனினியானஸ் என்ற மூன்றாம் நூற்றாண்டு வெள்ளிக் காசில் கதிர்க் கிரீடத்துக்குக் கீழே உள்ள முடி. பின்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தேவதையின் முழங்கால், நிற்கும் உருவத்தின் தொடையும் தோளும். ஹேட்ரியன் தொடங்கி நூறு வருடத்துக்கு மேல் பேரரசர்களில் பெரும்பாலோர் தாடி வைத்துக்கொண்டது நமக்குப் பெரிய உதவி. தாடிச் சுருள்கள் தனித்தனியாகத் தெரிந்தால் வெரி ஃபைனுக்கு மேல்; ஒட்டிப்போய் ஒரே பட்டையாக இருந்தால் ஃபைன் பக்கம். என் மேசையில் ஒரே ஒரு விளக்கு, பக்கவாட்டில் தாழ்வாக. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் என்ற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி. காசைச் சுற்றிக்கொண்டே பார்க்க வேண்டும். மேலிருந்து நேராக விழும் வெளிச்சத்தில் எடுத்த படத்தை நம்பி கிரேடு சொல்லவே மாட்டேன். அந்த வெளிச்சத்தில் எல்லாம் ஒரே தட்டையாகத்தான் தெரியும்.

மண் செய்த வேலை தனிக் கதை. செம்பு, வெண்கலம், பித்தளைக் காசுகளில் பல நூற்றாண்டுகளாக ஒரு தோல் வளர்ந்திருக்கும். அதைத்தான் பட்டினா என்கிறோம். அடர்பச்சையோ கரும்பழுப்போ, சீராகவும் இறுக்கமாகவும் இருந்தால் விலை ஏறும். மேடுபள்ளமாக, ஆங்காங்கே பெயர்ந்து கீழேயுள்ள சிவப்பு தெரிந்தால் இறங்கும். டைபர் ஆற்றுச் சேற்றில் கிடந்தவை பச்சையே பிடிக்காமல் பித்தளையின் மஞ்சளோடு வரும்; அதற்கென்றே அலையும் கூட்டம் உண்டு. இன்னொரு வகை, எழுத்துகளுக்கு இடையே வெளிர் மணல் படிந்து, உருவம் எடுப்பாகத் தெரியும் காசுகள். பாலைவனத்துக் காசு என்று விற்பார்கள். சில உண்மை. பல காசுகளில் அந்த மணல் பின்னால் ஒட்டப்பட்டது. தரமான காசைவிடச் சுமாரான காசின்மேல்தான் அது அதிகம் படிந்திருப்பது ஏன் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பச்சையில் ஒரு பச்சைக்குப் பயப்பட வேண்டும். வெளிர்பச்சையாக, மாவுபோல, நகத்தால் சுரண்டினால் உதிர்வது. உள்ளே சிக்கிய குளோரைடு ஈரப்பதத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்னும் நோய் அது. துடைத்துவிட்டுச் சில வாரம் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் மீண்டும் முளைத்திருக்கும். காய்ச்சி வடித்த நீரில் நீண்ட நாள் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருந்து, பிறகு நன்றாக உலர்த்தினால் கட்டுப்படும். முற்றியதற்கு சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசல். இந்த நோயுள்ள காசை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடக்கக்காரர்கள் தொடக்கூடாது என்பேன். அப்புறம், மென்மையான பிவிசி உறைகளில் எந்தக் காசையும் வைக்காதீர்கள். காலப்போக்கில் அதிலிருந்து கசிவது வேறொரு பச்சைப் பிசுக்கு.

வெள்ளிக்கு வேறு வியாதிகள். பல நூற்றாண்டு மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் படிகமாகி நொறுங்கும் தன்மைக்கு வரும். கீழே விழுந்தால் இரண்டாக உடையும். மேலே சாம்பல் கறுப்பில் மெழுகுபோல ஒரு படிவு இருந்தால் அது வெள்ளிக் குளோரைடு. அதன் கீழே என்ன மிச்சமிருக்கிறது என்று மேலிருந்து சொல்ல வழியில்லை.

மனிதர்கள் செய்த வேலையைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் விலையைக் கெடுப்பதில் மண்ணைவிட நாம்தான் கெட்டிக்காரர்கள். வெள்ளியைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது முதல் குற்றம். பழைய சேகரிப்புகளில் இருந்து வரும் டெனாரியஸ்களின் மேல் மெல்லிய சாம்பல் திரை ஒன்று இருக்கும். அது உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். ஒரு நிமிடத்தில் துடைத்துவிடலாம். துடைத்தபின் காசு புதிதாகத் தெரியாது. தோலுரித்ததுபோலத் தெரியும், லூப்பில் மயிரிழைக் கீறல்கள் தெரியும். அவுரேலியன் கி.பி. 274-ல் காசுகளைச் சீர்திருத்தியபின் வந்தவற்றில், செம்பின்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சு மிச்சமிருந்தால்தான் விலை. அமிலத்தில் போட்டால் முதலில் போவது அதுதான்.

இன்னும் மோசமானது உளி வேலை. செஸ்டர்டியஸ் என்ற பெரிய பித்தளைக் காசு, சுமார் 25 கிராம். நல்ல நிலையில் கிடைப்பது அரிது, கிடைத்தால் விலை மிக அதிகம். அதனால் ஃபைன் நிலையில் உள்ள செஸ்டர்டியஸை எடுத்து, மழுங்கிய முடியை நுண்ணிய உளியால் மறுபடி செதுக்கி, எழுத்தைச் சுற்றியுள்ள வெளியைச் சுரண்டி எழுத்தை உயர்த்தி, மேலே புதுப் பட்டினா ஏற்றிவிடுவார்கள். கண்டுபிடிக்க ஒரு சூத்திரம் வைத்திருக்கிறேன்: காசின் எல்லாப் பகுதியும் ஒரே வயதில் இருக்க வேண்டும். முடி எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், காது ஃபைன், எழுத்து வெரி குட் என்று ஒரே காசில் மூன்று கிரேடு கண்டால் அங்கே உளி போயிருக்கிறது. செதுக்கிய முடிக்கோடுகள் எல்லாம் ஒரே அகலத்தில், ஒரே ஆழத்தில், பள்ளமாக இருக்கும். அசல் முடி அப்படி இருக்காது. அச்சில் வெட்டியது காசில் மேடாக எழும்பும், அதன் முதுகு வளைந்திருக்கும். 'வெளி லேசாகச் சமன் செய்யப்பட்டது' என்று விற்பவரே சொன்னால் அது வேறு; மேலே இருந்த துருவை மட்டும் எடுத்திருக்கலாம், அதைப் பலர் பொறுத்துக்கொள்கிறார்கள். நான் பொறுத்துக்கொள்வதில்லை என்பது என் பிடிவாதம்.

போலியைப் பற்றிச் சொல்லாமல் கிரேடு பேசுவதில் பயனில்லை. போலிக்குக் கிரேடு கிடையாது. ஆனால் இதிலும் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்திலேயே செய்த போலிகள் உண்டு: செம்பு வில்லைமேல் வெள்ளித் தகடு சுற்றி அடித்தவை. ஃபுரே என்பார்கள். ஓரத்திலோ ஒரு கீறலிலோ உள்ளேயிருந்து பச்சை எட்டிப் பார்க்கும், எடை குறையும். இவற்றைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒன்று வைத்திருக்கிறேன். குடியரசுக் காலத்து டெனாரியஸ்களின் விளிம்பில் பிறைபோலவும் புள்ளிபோலவும் சின்னச் சின்ன முத்திரைக் குத்துகள் காணப்படும். பணம் மாற்றுபவர்கள் இது உண்மை வெள்ளிதானா என்று பார்த்துப் பதித்தவை என்று கருதப்படுகின்றன. முகத்தின் நடுவே இல்லாவிட்டால் அவை எனக்குக் குறையாகவே தோன்றுவதில்லை.

பிற்காலத்தில் செய்தவைதான் தொல்லை. பதினாறாம் நூற்றாண்டில் பதுவா நகரத்து ஜொவானி த கவீனோ செஸ்டர்டியஸ் பாணியில் பதக்கங்கள் செய்தார். இன்று அவையே சேகரிப்புப் பொருள். கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772-1830) இன்னும் கில்லாடி. தானே அச்சு வெட்டி, பழைய காசுகளை வில்லையாக்கி அடித்தார். அடித்த காசுகளை இரும்புத் துகளும் எண்ணெயும் கலந்த பெட்டியில் போட்டு, வண்டியின் அச்சில் கட்டி ஊர் சுற்றி வருவாராம், பழமை ஏறுவதற்கு. அவருடைய வேலையை அடையாளம் காணப் பட்டியல்கள் வந்துவிட்டன. ஆனால் அன்றாடம் நம்மிடம் வருவது இவ்வளவு கலைநயமான போலி இல்லை, வார்ப்பில் ஊற்றியது. ஓரத்தில் மெல்லிய இணைப்புக் கோடு, மேற்பரப்பில் குமிழிக் குழிகள், சோப்பில் செய்ததுபோல மழுங்கிய எழுத்து, எடையில் ஏறுமாறு. நீரோ கி.பி. 64-ல் எடையைக் குறைத்தபின் டெனாரியஸ் சுமார் 3.4 கிராமில் நின்றது. டிராஜன் டெனாரியஸ் என்று சொல்லி, நல்ல நிலையில், 2.5 கிராமில் ஒன்றை நீட்டினால் கேள்வி கேட்க வேண்டும். நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்; லூப்புக்கு அடுத்தபடி அதுதான் அவசியம்.

ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகள் இருக்கலாம், தவறில்லை. ஆனால் இரண்டும் ஒரே பக்கம் ஒதுங்கி, ஒரே இடத்தில் வில்லை வெடித்து, ஒரே கீறலோடு இருந்தால், குறைந்தது ஒன்று வார்ப்பு. கையால் அடித்த காசில் இரண்டு சம்மட்டி அடிகள் ஒன்றுபோல விழுவதில்லை. ஏலப் படங்களைத் தேடி ஒப்பிடும் பழக்கம் இதற்குத்தான் முதலில் உதவும்.

இனி விலை. அபூர்வமானது என்றால் விலை அதிகம் என்று நினைப்பதில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். டைபீரியஸின் ஒரு டெனாரியஸைப் பாருங்கள். முன்னால் அவர் முகம், பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் உருவம். கொஞ்சமும் அபூர்வம் இல்லை. ஏலத்துக்கு ஏலம் வரும். ஆனால் "இராயனுடையதை இராயனுக்கும்" என்று இயேசு சொன்னபோது காட்டப்பட்ட காசு இதுதான் என்று நம்பப்படுகிறது. அதனால் காசே சேர்க்காதவர்கள்கூட இதை ஒன்று வாங்க வருகிறார்கள். இதே நிலையில் உள்ள மற்றப் பொதுவான டெனாரியஸ்களைவிட விலை பல மடங்கு. மறுபக்கம், நான்காம் நூற்றாண்டுச் சிறு வெண்கலங்களில் உலகில் சில மட்டுமே பதிவான நாணயச்சாலைக் குறிகள் உண்டு. அதை எத்தனை பேர் தேடுகிறார்கள்? தேடும் சிலரும் எழுத்தைப் படித்துக் கண்டுபிடித்து மலிவாகத்தான் வாங்க நினைப்பார்கள். கிராக்கி இல்லாத அபூர்வத்துக்கு விலை இல்லை.

பேரரசர்களின் கதையும் விலையில் சேரும். ஓத்தோ கி.பி. 69-ல் மூன்று மாதம்தான் ஆண்டார். ஜூலியஸ் சீசர் முதல் டொமிஷியன் வரையிலான 'பன்னிரண்டு சீசர்கள்' வரிசையை முடிக்க நினைக்கும் எல்லோருக்கும் அவர் தேவை. ரோம் அக்கசாலை அவர் பெயரில் வெண்கலம் அடிக்கவில்லை. ஆகவே எல்லோரும் டெனாரியஸையே துரத்துகிறார்கள். ஓத்தோவில் சுமார் ஃபைன், அதே காலத்து வெஸ்பேசியனில் எக்ஸ்ட்ரீம்லி ஃபைனைவிட அதிகம் போவது இதனால்தான். கிரேடை வைத்து விலை சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியாது.

விற்பவர்கள் 'ஆர்5' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். ரோமன் இம்பீரியல் காயினேஜ் என்ற பெரும் பட்டியலின் அபூர்வக் குறி அது. அதன் முதல் தொகுதி 1923-ல் வந்தது. பெரிய அருங்காட்சியகங்களில் எத்தனை பிரதிகள் இருந்தன என்பதை வைத்துப் போட்ட குறிகள் அவை. அதற்குப் பிறகு மண்ணிலிருந்து எவ்வளவு வந்திருக்கிறது! 1929-ல் பல்கேரியாவின் தெவ்னியாவில் கிடைத்த புதையலில் மட்டும் 80,000-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள். 2010-ல் இங்கிலாந்தின் ஃப்ரோம் அருகே ஒரே பானையில் 52,503 காசுகள். ஒரு புதையல் போதும், நேற்றுவரை அபூர்வமாக இருந்த வகை இன்று தட்டில் வரிசையாகக் கிடக்கும். எனவே ஆர்5 என்ற குறியைப் படித்துவிட்டு, உடனே ஏலப் பதிவுகளைத் திறக்க வேண்டும். காசை அடையாளம் காண அமெரிக்க நாணயவியல் சங்கமும் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பழங்கால உலக ஆய்வு நிறுவனமும் நடத்தும் ஓசிஆர்இ தளம் இலவசம். விலைக்கு ஏசிசர்ச் போன்ற ஏலக் காப்பகங்கள்.

அங்கே பார்க்கும்போதும் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். ஒரே வகை, ஒரே அக்கசாலை, ஏறக்குறைய ஒரே கிரேடு, சமீபத்திய சில வருடங்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தூக்கிப்போட்டுவிடுவேன். இரண்டு பணக்காரர்கள் மோதிக்கொண்டதும், யாருமே கவனிக்காமல் விட்டதும் எனக்கு எதையும் கற்றுத்தராது. மிச்சமுள்ள படங்களை அருகருகே வைத்து, என் முன்னால் உள்ள காசு எந்த இரண்டுக்கு நடுவே உட்காரும் என்று பார்ப்பேன். ஏல விலையின்மேல் ஏல நிறுவனத்தின் கட்டணம் ஏறும். ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இருப்பது வழக்கம். அதைச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். கடைக்காரர் கேட்கும் விலை என்பது கேட்கும் விலை மட்டுமே. மாதக்கணக்கில் விற்காமல் இருக்கும் விலையும் அதுதான்.

ஒரே கிரேடுக்குள் விலையைப் பிரிப்பவை இவை, என் கண்ணுக்குப்பட்ட வரிசையில்: முகம் முழுதாக வில்லைக்குள் இருக்கிறதா, பேரரசரின் பெயர் படிக்க முடிகிறதா, மேற்பரப்பு, அச்சு வெட்டியவனின் கைத்திறன். இந்தக் கடைசி விஷயத்தைத் தொடக்கத்தில் யாரும் பார்ப்பதில்லை. ஒரே பேரரசருக்கு ஒரே வருடத்தில் வெட்டிய இரண்டு அச்சுகளில் ஒன்றில் கழுத்தின் நரம்பும் கண்ணின் களைப்பும் தெரியும், இன்னொன்றில் மரப்பொம்மை. டிராஜன், ஹேட்ரியன் காசுகளை நூறு படம் பார்த்துவிட்டால் உங்கள் கண் தானாகப் பிரித்துக்கொள்ளும். அழகான அச்சில் விழுந்த வெரி ஃபைனை, மரப்பொம்மை எக்ஸ்ட்ரீம்லி ஃபைனுக்கு நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

அப்புறம் பூர்வீகம். காசு எங்கிருந்து, யார் யார் கை மாறி வந்தது என்ற ஆவணம். சீசரைக் கொன்றதைக் கொண்டாடி புரூட்டஸ் கி.மு. 42-ல் அடித்த காசின் தங்கப் பிரதி ஒன்று 2020 அக்டோபரில் லண்டனில், கட்டணம் சேர்த்து 32 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அதன் பூர்வீக ஆவணம் பொய் என்று தெரியவந்து, 2023-ல் காசு கிரீஸிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் அளவில் அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை. ஆனால் காசோடு வரும் பழைய சீட்டு, ரசீது, ஏலப் பட்டியலின் பக்கம் எதையும் எறியாதீர்கள். கலைப்பொருள் கடத்தலுக்கு எதிராக யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்தது 1970-ல். அதற்கு முன்பே சேகரிப்பில் இருந்தது என்று காட்ட முடிந்த காசுக்கு இன்று தனி மதிப்பு. வருடத்துக்கு வருடம் அது ஏறிக்கொண்டுதான் போகிறது.

எதில் தொடங்கலாம் என்று கேட்டால் மூன்றாம் கோர்டியனின் அன்டோனினியானஸ் என்பேன். கி.பி. 238 முதல் 244 வரை ஆண்ட சிறுவன். வெள்ளி இன்னும் முழுதாகச் செத்துப்போகாத காலம், வில்லை பெரியது, ஏராளமாகப் புதைத்து வைத்ததால் தேயாமல் வந்திருக்கின்றன. ஒரு நல்ல கிரேடு கையில் எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்க இதைவிட மலிவான வழி இல்லை. கூடவே கான்ஸ்டன்டைன் குடும்பத்துச் சிறு வெண்கலங்கள் சில: இரண்டு வீரர்கள், நடுவே கொடி. முதலில் இரண்டு கொடி, சுமார் கி.பி. 335-க்குப் பிறகு ஒரே கொடி. கீழே அக்கசாலையின் குறி. அந்தியோக்கா, ட்ரியர், சிஸ்கியா என்று ஊர் ஊராகப் பிரித்து அடுக்குவதிலேயே பட்டினாவின் வகைகள் எல்லாம் பழகிவிடும். சுத்தம் செய்யாத காசு என்று மண்ணோடு கிலோ கணக்கில் விற்பதை மட்டும் விட்டுவிடுங்கள். நல்லவற்றையெல்லாம் பொறுக்கிய பிறகுதான் அது உங்களிடம் வரும்.

நான் இப்போது தேடிக்கொண்டிருப்பது புரோபஸ், கி.பி. 276 முதல் 282 வரை. அந்தக் காலத்தில் வேறு எந்தப் பேரரசருக்கும் இத்தனை விதமான தோற்றங்கள் கிடையாது: கவசத்தோடு, ஈட்டியும் கேடயமுமாக, கழுகுச் செங்கோலோடு. எனக்கு வேண்டியது தலைக்கவசம் அணிந்து ஈட்டியைத் தோளில் சாய்த்தது. வெரி ஃபைன் போதும், வெள்ளிப் பூச்சு பாதியாவது மிச்சம் இருக்க வேண்டும், கேடயத்தின் மேலுள்ள வேலைப்பாடு தெரிய வேண்டும். போன ஏலத்தில் ஒன்று வந்தது. முகம் பிரமாதம், ஆனால் பின்பக்கத்தில் அக்கசாலைக் குறி வில்லைக்கு வெளியே போயிருந்தது. விட்டுவிட்டேன்.